கழிமுகச் சேற்றில் போராமினிபெரா: தீனி கூடினால் எண்ணிக்கை கூடுமா? (கேள்வி பதில்)

ஹற்றன் மாணவி: மிஸ், எங்கள் தோட்டத்துத் தேயிலைச் சருகு ஆற்றோடு போய், கழிமுகத்துப் போராமினிபெராவுக்கு உணவாகுமா?

நேரடியாக மிகக் கொஞ்சம்தான். நிலத்துச் செடியின் சருகில் காபன்–நைதரசன் விகிதம் பெரும்பாலும் 20க்கு மேல். அல்காக்களில் 4 முதல் 10 வரை. சருகைப் பக்டீரியா சிதைத்த பிறகுதான் அதில் சத்து ஏறும். ஓட்டுக்குள் வாழும் இந்த ஒற்றைக்கல உயிரி, பொய்க்கால்களை வலையாக விரித்துப் பிடிப்பது பெரும்பாலும் சேற்றின் மேல் படரும் டயட்டங்களையும் (சிலிக்கா ஓடுள்ள நுண் அல்காக்கள்) பக்டீரியாவையும். ஹைனெசினா என்ற போராமினிபெரா ஒரு படி மேலே: தின்ற டயட்டத்தின் பச்சையவுருமணியைச் செரிக்காமல் சிலகாலம் உள்ளேயே வைத்திருக்கும்.

ஆகவே மலையிலிருந்து இறங்குவதில், சருகைவிட உரம் கழுவிய நைதரசனையும் பொசுபரசையும் பாருங்கள். அவை டயட்டத்தை வளர்க்கும்; டயட்டம் போராமினிபெராவை. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா நீர் களனி வழியே மட்டக்குளியில் கடல் சேரும். தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா, மகாவலி வழியே திருகோணமலைக் கொட்டியாரக் குடாவுக்கு. நடுவில் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள். தேங்கும் நீரில் மண்டி படியும். அங்குள்ள டயட்டங்களே சிலிக்காவில் ஒரு பங்கை எடுத்துவிடும். தோட்டத்தில் போட்ட உரக் கணக்கை அப்படியே கழிமுகத்தில் எழுதாதீர்கள்.

நுவரெலியா: கிரகரி வாவிச் சேற்றில் தேடலாமா?

வேண்டாம், அது நன்னீர். அங்கே கிடைப்பது ஓட்டு அமீபா என்ற வேறு உயிரி: ஆர்செல்லா, டிப்லூஜியா.

பண்டாரவளை ஆசிரியர்: மாணவர்களோடு திருகோணமலை போகிறோம். மாதிரி எடுப்பது எப்படி?

நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. சேறு தெரியும் பட்டை ஒடுக்கம். நுனி வெட்டிய பெரிய சிரிஞ்சைச் செங்குத்தாக இறக்கி, மேல் 1 சென்ரிமீற்றரை மட்டும் வெட்டுங்கள். ஓரிடத்தில் மூன்று தனித்தனி மாதிரி. லீற்றருக்கு 2 கிராம் ரோஸ் பெங்கால் (உயிருள்ள உடலைச் சிவப்பாக்கும் சாயம்) கரைத்த 95% எத்தனோலைச் சேற்றின் அளவுக்காவது ஊற்றுங்கள். சேற்று நீர் கலந்து 70%க்குக் கீழே போனால் உடல் அழுகத் தொடங்கும். குலுக்கி 14 நாளாவது வையுங்கள். பிறகு 125, 63 மைக்ரோமீற்றர் அரிப்பில் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் நீரில் வைத்தே 300 வரை எண்ணுங்கள். ஓட்டில் உள்ள அறைகளில் கடைசி தவிர மற்றவையெல்லாம் பளிச்சென்ற சிவப்பானால் உயிருள்ளது. வெளியே மட்டும் மங்கிய சிவப்பு என்றால் ஓட்டில் ஒட்டிய பக்டீரியா. அதே இடத்தில் உவர்ப்பு, கரைந்த ஒட்சிசன் அளந்து, டயட்டத்தின் அளவைக் காட்டும் குளோரோபிலுக்கான மாதிரியை இருட்டில் உறைய வையுங்கள். இவை இல்லாமல் உணவைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது.

பதுளை: ஆய்வுகூடத்தில் போர்மலின்தான் இருக்கிறது மிஸ்.

போராக்ஸ் போட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அமிலமாகி ஓட்டையே கரைத்துவிடும்.

கண்டி: 'அமோனியா' மிகுந்திருந்தால் கழிவுநீர் என்று எழுதிவிடலாமே?

அது வாயு இல்லை, ஒரு போராமினிபெரா என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். கூடாது தம்பி. அமோனியாவையும் எல்பிடியம் என்ற இன்னொரு போராமினிபெராவையும் ஒப்பிடும் அமோனியா–எல்பிடியம் விகிதம், அமெரிக்காவின் லூசியானா கரைக்கடலில் ஒட்சிசன் குறைவைக் காட்ட 1996இல் முன்வைக்கப்பட்டது. கழிமுகத்தில் உவர்ப்பு குறைந்தாலும் அமோனியா கூடலாம்.

கண்டி: ஆனால் கழிவு என்றால் உணவுதானே? உணவு கூடினால் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்?

கூடும், ஓர் எல்லை வரை. சேதனப் பொருள் மிகுந்தால் அதைச் சிதைக்கும் பக்டீரியா ஒட்சிசனைத் தீர்த்துவிடும். சில மில்லிமீற்றருக்குக் கீழே சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அப்போது இனங்கள் குறையும். தாக்குப்பிடிக்கும் ஓரிரண்டு பெருகி, கடைசியில் அவையும் விழும். 1995இல் யோரிசன் குழு முன்வைத்த டிராக்ஸ் (TROX) என்ற கருத்துருவும் இதையே சொல்கிறது: சேற்றுக்குள் எவ்வளவு ஆழத்தில் வாழும் என்பதை ஒருபக்கம் உணவுப் பஞ்சமும் மறுபக்கம் ஒட்சிசன் பஞ்சமும் கட்டுப்படுத்தும். உவர்ப்பு நிலையாக உள்ள கடலை வைத்து வரைந்தது அது. ஓதமும் வெள்ளமும் மாறிவரும் கழிமுகத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

கண்டி: அப்படியானால் அமோனியாவை எண்ணவே வேண்டாமா?

எண்ணுங்கள். உவர்ப்பையும் கூடவே எழுதுங்கள் என்கிறேன்.

மஸ்கெலியா: மிஸ், மாதிரியை வெயிலில் காயவைத்து எண்ணினால் சுலபமாக இருக்குமே?

செத்த ஓடும் உயிருள்ளதும் ஒன்றாகிவிடும். இந்தப் பருவத்து உணவைக் காட்டுவது உயிருள்ளவை மட்டும். பண்டாரவளைக்குச் சொன்னதைப் படியுங்கள், போர்மலின் என்றால் போராக்ஸையும் மறவாதீர்கள்.

பண்டாரவளை ஆசிரியர்: டிசம்பர் விடுமுறையில் போகலாமா மிஸ்?

வடகீழ்ப் பருவமழை நேரம். வெள்ளம் அந்த மேல் 1 சென்ரிமீற்றரையே அரித்துக்கொண்டு போகும். உணவா அரிப்பா என்று பிரிக்க முடியாது. ஓகஸ்ட்டில் ஒருமுறை, மழை ஓய்ந்து சில வாரம் கழித்து ஒருமுறை எடுங்கள்.