செஸ் போட்டியில் எதிரில் ஆடுபவர் கிளாக்கை அழுத்த மறந்துவிட்டால் நாம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டியதில்லை. விதி அவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் விதி தெரியாமல் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ ஒரு மண்டபத்தில், எதிரில் இருந்தவர் காயை நகர்த்திவிட்டு கிளாக்கை மறந்திருப்பார். அழுத்தினால்தான் அவர் நேரம் நின்று உங்கள் நேரம் ஓடும்; மறந்தால் ஓடிக்கொண்டிருப்பது அவர் நேரம்தான். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டீர்கள். வெளியே வந்ததும் அவருடைய அப்பாவோ கோச்சோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அது மனசில் உறுத்த, ராத்திரி பதினொரு மணிக்கு இங்கே வந்து கேட்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி நடந்ததால் எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. மகளை டோர்னமென்டுக்குக் கூட்டிப்போய் ஆறு வருஷம் வாசல்படியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவள். அவள் பத்தாம் வகுப்பு வந்ததும் செஸ்ஸை விட்டுவிட்டாள். எனக்கு விட முடியவில்லை. நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக என் பெயருக்கு என்ட்ரி ஃபீஸ் கட்டினேன். இப்போது ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமைக்குக் கொடுக்கிற எண், 1500க்குப் பக்கத்தில். அதிலும் கொஞ்சம், 2024 மார்ச்சில் உலக செஸ் அமைப்பான ஃபிடே இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்த தர்மம். இதை நானே சொல்லிவிடுகிறேன், கமென்டில் யாராவது சொல்வதற்குள்.

திருச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ரேபிட் போட்டி, ஆளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 வினாடி கூடுதல். முதல் பத்து போர்டு மேடையில். எங்களை மாதிரி ஆட்களுக்குப் பந்தி மேசை. 'மணமகள் அறை' என்று எழுதிய கதவுக்குள் ஆர்பிட்டர்கள், அதாவது நடுவர்கள், யாருக்கு எதிரில் யார் என்று பேரிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ரவுண்டில் எனக்கு எதிரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, மடித்த கைக்குட்டை.

"உங்க பொண்ணு எந்த போர்டும்மா?"

"நான்தான் சார் ஆடுறேன்."

பாவம், ரொம்பச் சங்கடப்பட்டுவிட்டார். இந்தக் கேள்வியை எல்லாப் போட்டியிலும் என்னிடம் யாராவது கேட்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சரிக்கட்டவோ என்னவோ, சாவி கொடுக்கிற கடிகாரத்தில் ஆடிய கதையைச் சொன்னார். இரண்டு முகம், மேலே இரண்டு பொத்தான், ஹால் முழுக்க டிக் டிக் என்று சத்தம். நேரம் முடியப்போகிறது என்றால் பெரிய முள் அந்தச் சின்னச் சிவப்புக் கொடியை மெதுவாகத் தூக்க ஆரம்பிக்கும், பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும் என்றார். "இது ஊமை மாதிரி இருக்கும்மா" என்று டிஜிட்டல் கிளாக்கைத் தட்டிக் காட்டினார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதனால்தான் அப்புறம் நடந்தது இன்னும் மோசமாகத் தெரிகிறது.

முப்பது நகர்வு தாண்டியபோது அவருக்கு ஒரு யானை கூடுதல். நேரமும் அவருக்குத்தான் அதிகம். அவர் பக்கம் 9:02, என் பக்கம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. யானையை என் இரண்டாவது வரிசையில் இறக்கினார். இறக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கிளாக்கை அழுத்தவில்லை. கண்ணாடி துடைத்ததில் மறந்துபோயிற்று.

அரை நிமிடம் கழித்துத்தான் நான் கவனித்தேன். என் எண் அசையவில்லை. அவர் எண் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொல்லவில்லை. இதுவரை எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதோடு நான் நிற்கவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ராஜாவைப் பார்த்தேன், குதிரையைப் பார்த்தேன், மறுபடி ராஜாவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்தேன். ஒரு தடவை கையைக் காய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் திரும்ப இழுத்துக்கொண்டேன். தொட்டால் நகர்த்தியாக வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன் பாருங்கள். யோசித்து முடிக்க ஒரு நிமிடமே எனக்கு அதிகம். ஆனால் நான் தவித்துக்கொண்டு இருப்பதாக அவர் நினைக்க வேண்டும், நினைத்தால்தான் கிளாக் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு பெருமூச்சுகூட விட்டேன் என்று நினைக்கிறேன்.

2:44இல் அவர் பார்த்தார். ஆறு நிமிடம் பதினெட்டு வினாடி போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒரு விரலால் மெதுவாக அழுத்தினார்.

அதன்பிறகு பதினைந்து நகர்வு இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் கிடைத்த பத்துப் பத்து வினாடியில்தான் அவர் காலம் தள்ளினார். இன்னும் இரண்டு நகர்வில் அவர் எனக்கு மேட் வைத்திருப்பார். ஸ்டேல்மேட் ஆகிவிடுமோ, அதாவது செக் இல்லாமலேயே எனக்கு நகர்த்த வழியில்லாமல் போய் டிரா ஆகிவிடுமோ என்று அவர் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. என்னிடம் ஒரே ஒரு சிப்பாய் மிச்சம் இருந்தது. வெறும் ராஜா மட்டும் இருந்திருந்தால் நேரம் முடிந்தாலும் டிராதான், ஏனென்றால் வெறும் ராஜாவால் யாருக்கும் மேட் வைக்க முடியாது. சிப்பாய் இருந்ததால் எனக்கு முழுப் புள்ளி. கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன், ஆர்பிட்டர் வந்தார், ரிசல்ட் ஸ்லிப்பில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கை கொடுத்துவிட்டு அவர் சொன்னது: "நல்லா யோசிச்சீங்கம்மா."

பாராட்டா, குத்தலா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது விதிப் பிரியர்களுக்காக. ஃபிடே விதிப்படி காயை நகர்த்திவிட்டுத் தன் கிளாக்கை நிறுத்துவது ஆடுபவரின் பொறுப்பு. அதை நினைவூட்டும் கடமை எதிரில் இருப்பவருக்குக் கிடையாது. ஆர்பிட்டரே பார்த்துக்கொண்டு நின்றாலும் "கிளாக்கை அழுத்தவில்லை" என்று சொல்லக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. பார்வையாளர் சொன்னால் அது வெளியார் தலையீடு. ஆக, நான் செய்ததில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. தயவுசெய்து இதை வைத்து யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று எழுத வேண்டாம்.

"அவர் அழுத்தாவிட்டால் என்ன, நீங்கள் உங்கள் காயை நகர்த்த வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நகர்த்தலாம். அவர் நகர்வு போர்டில் முடிந்துவிட்டால் அடுத்தது உங்கள் முறை. ஆனால் நீங்கள் ஆடிய பிறகும் அவருக்குத் தன் கிளாக்கை அழுத்தும் உரிமை உண்டு. அவர் அழுத்த, பதிலுக்கு நீங்கள் அழுத்த, அதற்குள் அவர் அடுத்ததை ஆடிவிட, யாருக்குப் பத்து வினாடி ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று குழப்பம்தான் மிஞ்சும். அவர் கடைசிவரை அழுத்தவே இல்லையென்றால் உங்களுக்கு ஏற வேண்டிய வினாடியும் ஏறாது. நாற்பது நகர்வுக்கு இவ்வளவு நேரம் என்று வைத்திருக்கும் பெரிய போட்டிகளில் கிளாக் நகர்வுகளையும் எண்ணிக்கொண்டிருக்கும், அந்தக் கணக்கும் பிசகிவிடும். அதனால் காத்திருப்பதுதான் நடைமுறை.

ஆகவே பேசாமல் இருப்பதில் தவறில்லை என்பதுதான் என் கட்சி. என்னை உறுத்துவது அந்தக் கன்னத்தில் வைத்த கை. சும்மா இருப்பது வேறு, நடிப்பது வேறு. இந்த வித்தியாசத்தை எந்த விதிப் புத்தகமும் எழுதி வைக்க முடியாது. எதிராளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் அவரைத் தொந்தரவா செய்தேன்? தாலாட்டினேன்.

பெரிய இடத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2017 கனடா சாம்பியன்ஷிப்பில் நோரித்சின், சம்புயேவ் என்ற இருவர் முதலிடத்துக்கு டை ஆகி, சில நிமிடங்களில் முடிகிற பிளிட்ஸ் ஆட்டம் வரை போனது. நோரித்சின் சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் அதற்குப் பதிலாக ராணி எடுக்கத் தேடுகிறார், ராணியைக் காணோம். கையில் இருப்பது சில வினாடி. ஒரு யானையைத் தலைகீழாக வைத்துவிட்டார், நாமெல்லாம் வீட்டில் ராணி என்று வைத்துக்கொள்கிற மாதிரி. ஆர்பிட்டர் வந்து, தலைகீழாக இருந்தாலும் யானை யானைதான் என்று சொல்லிவிட்டார். ஆட்டமும் பட்டமும் சம்புயேவுக்குப் போயிற்று. வெட்டுப்பட்ட ராணி சம்புயேவ் கையில் இருந்தது வீடியோவில் தெரிந்தது. வேண்டுமென்று வைத்திருக்கவில்லை என்று அவர் சொன்னார், இருக்கலாம். விதிப்படி நோரித்சின் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரிடம் ராணி கேட்டிருக்க வேண்டும். எல்லாம் சரிதான். அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு மட்டும் என் கை ஞாபகம் வந்தது.

அந்த சாரை அடுத்த வருஷம் வேறொரு போட்டியில் பார்த்தேன். எனக்கு இரண்டு போர்டு தள்ளி ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு, எதிராளி பக்கத்து எண் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். அருகில் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆடுபவர் குறித்த நேரத்தைத் தாண்டி வந்தால் ஆடாமலேயே தோல்வி. சரி. ஆனால் காலை ஒன்பது மணி என்று போட்டுவிட்டு, சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, அவர் தானும் சின்ன வயதில் செஸ் ஆடியதைச் சொல்லி முடிக்க பதினொன்று ஆகிறதே, அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்த கிளாக்கை அழுத்துவது? ஏழு வயதுக் குழந்தைகள் போர்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் விடுவார்கள். பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதன் முன்னால் வரிசை. அந்த வரிசையில் நின்று நான் ஒரு ரவுண்டில் நாலு நிமிடம் இழந்திருக்கிறேன். 'சிறந்த பெண் ஆட்டக்காரர்' பரிசு என்று ஒரு சின்ன கப் கொடுப்பார்கள், அதை வாங்க ராத்திரி எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும், கடைசி பஸ் போய்விடும். இதை எழுதினால் அமைப்பாளர்களின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது என்பார்கள். தெரியும். ஆறு வருஷம் படியில் உட்கார்ந்து பார்த்தவள்தான் நான்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், எதிரில் சின்னப் பிள்ளை இருந்து கிளாக்கை மறந்தால் கண்ணாலேயே கிளாக்கை ஒருமுறை காட்டுவேன். ஒரு முறைதான், இரண்டாவது முறை கிடையாது. லாக்டவுன் காலத்தில் ஆன்லைனில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர். காயை விட்ட உடனே நேரம் தானாக மாறும் என்று கைக்குப் பழகிவிட்டது, அதுகளைக் குறை சொல்ல முடியாது. அதே பிள்ளைகள் எதிர்ப்பக்கமும் தவறும். ஒரு பையன் என் முன்னால் காயை நகர்த்தாமலேயே கிளாக்கை அடித்தான். அது இல்லீகல் மூவ், அதாவது விதிமீறிய நகர்வுக் கணக்கில் வரும், எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்கும், இரண்டாவது தடவை என்றால் ஆட்டமே போச்சு. ஆர்பிட்டரைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன். இரக்கத்துக்கும் எல்லை உண்டு.

பெரியவர்கள் மறந்தால் சொல்ல மாட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஹாலுக்குள்ளேயே நடந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது.

இதைப் பதிவிடும் முன் மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் இப்போது கல்லூரியில், செஸ் போர்டையே தொடுவதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா, அந்தத் தாத்தா நல்லா யோசிச்சீங்கன்னா நல்லா யோசிச்சீங்கன்னுதான் அர்த்தம். நீதான் ஓவரா யோசிக்கிறே" என்றாள்.