கைடு நம்பரை அப்புறம் பாருங்கள், முதலில் ஃபிளாஷின் தலையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் டிஜிட்டல் கேமராவுக்குத் தனியாக ஒரு ஃபிளாஷ் வாங்கப் போகிறேன். கைடு நம்பர் அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்கு என்கிறார்கள். அது சரியா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் ஸ்டுடியோ வைத்திருப்பவர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் ஒரு கேமரா, ஒன்றிரண்டு லென்ஸ், வீட்டு விசேஷங்களில் படம் எடுக்கும் பொறுப்பு, அவ்வளவுதான். கேமராவிலேயே இருக்கும் சின்ன ஃபிளாஷில் எடுத்த முகங்கள் வெளுத்துப்போய், கண்கள் சிவந்து, பின்சுவரில் மை தீட்டியதுபோல் நிழலோடு வந்திருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். என்னிடமும் கைடு நம்பரை, அதாவது ஃபிளாஷ் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்று காட்டும் எண்ணை, பார் என்றுதான் சொன்னார்கள். பார்த்தேன், என் கையிருப்புக்குள் இருந்ததிலேயே பெரிய எண் எதுவோ அதையே வாங்கினேன். அதனால் திரும்பக் கிடைக்காத ஒரு படம் போனது.

என் அப்பா பணி ஓய்வு பெற்ற நாள். அவருடைய அலுவலகத்திலேயே ஒரு கூடத்தில் சின்னக் கூட்டம். தாழ்வான வெள்ளை சீலிங். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழுப்பு நிற மரப்பலகை. பவுன்ஸ் அடிக்க, அதாவது வெளிச்சத்தை எதிலாவது பட்டுத் திரும்பி விழவைக்க, அந்த சீலிங்கைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது இன்று தெரிகிறது. அன்று தெரியாது. ஃபிளாஷை நேராக முகத்துக்கே அடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் நெற்றி பளபளத்தது, மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி, பின்னால் நின்றவர்கள் எல்லாம் இருட்டில்.

ஏதோ சரியில்லை என்று தலையை மேலே நிமிர்த்தி சீலிங்கில் அடித்துப் பார்த்தேன். கேமராவைக் கிடையாகப் பிடித்து எடுத்த இரண்டு மூன்று படங்கள் அருமையாக வந்தன. சந்தோஷமாக கேமராவை நெட்டையாகத் திருப்பி அப்பாவை மட்டும் எடுத்தேன். முகம் முழுக்கப் பழுப்பு. காரணம் எளிமையானது. அந்த ஃபிளாஷின் தலை மேலும் கீழும் மட்டும்தான் அசையும், பக்கவாட்டில் திரும்பாது. கேமராவை நெட்டையாகப் பிடித்தால் 'மேலே' என்பது 'பக்கத்தில்' ஆகிவிடும். வெளிச்சம் சீலிங்குக்குப் போகாமல் நேராக அந்த மரச்சுவரில் பட்டு, அதன் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு அப்பா மேல் விழுந்தது. பெரிய எண் இருந்து என்ன பயன்? அந்த வெளிச்சத்தை எனக்கு வேண்டிய பக்கம் அனுப்ப வழியில்லை.

சரி, மறுபடி நேராகவே அடிப்போம் என்று திரும்பினேன். அப்போதுதான் அது நடந்தது. அவரோடு பல வருஷம் வேலை பார்த்த ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அப்பா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மடிப்பைக்கூடப் பிரிக்காமல் இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டார். அப்பா கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பட்டனை அழுத்தினேன். ஷட்டர் சத்தம் கேட்டது, ஃபிளாஷ் எரியவில்லை. பின்பக்க விளக்கு இன்னும் சிவப்புக்கு வரவில்லை. சார்ஜ் ஏறும் அந்த மெல்லிய கீச்சு சத்தம் மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கு எரிந்தபோது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் வேறு, "தம்பி, இந்தப் பக்கமும் ஒண்ணு எடுப்பா" என்று கூப்பிட்டார்.

அந்த இருட்டுப் படத்தை நான் அழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எவ்வளவு வெளுக்க வைத்தாலும் புள்ளி புள்ளியாகக் கைக்குட்டையின் வெள்ளை மட்டும்தான் தெரியும்.

இதில் என் தவறு இரண்டு. ஒன்று, ஃபிளாஷில் போட்டது சாதாரண ஆல்கலைன் பேட்டரி. இரண்டாவது, படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று பயந்து, கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 100-ஐ விட்டு நகர்த்தவில்லை, லென்ஸின் திறப்பான அபெர்ச்சரையும் எஃப் 8 என்று சின்னதாகவே வைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிளாஷ் கிட்டத்தட்ட முழு பலத்தையும் கொட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் காலியாகி அடியிலிருந்து நிரம்ப வேண்டும். பேட்டரி இளைக்க இளைக்க அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். ஐஎஸ்ஓ 800 வைத்திருந்தால் எட்டில் ஒரு பங்கு பலம் போதும், உடனே அடுத்த படத்துக்குத் தயாராகியிருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நம்பரைப் பற்றி மட்டும்தான் சொன்னார்கள்.

சரி, அந்த நம்பருக்கு வருவோம். கைடு நம்பர் என்பது பொய்க் கணக்கு இல்லை. ஐஎஸ்ஓ 100-இல் அந்த எண்ணை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் தூரம்வரை நேர்வெளிச்சம் போதும் என்று வரும். கைடு நம்பர் 28, அபெர்ச்சர் எஃப் 4 என்றால் 7 மீட்டர். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அதே ஃபிளாஷ் 14 மீட்டர் போகும். பவுன்ஸ் அடிக்கும்போது வெளிச்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டும், சீலிங்கும் கொஞ்சம் விழுங்கும். தோராயமாக இரண்டு ஸ்டாப் போகும், அதாவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே மிஞ்சும் என்று வைத்தாலும், ஐஎஸ்ஓ 400-இல் மறுபடி 7 மீட்டர் கையில் இருக்கிறது. வீட்டு ஹாலுக்கு இதற்கு மேல் எதற்கு?

பெட்டியில் போடும் எண்ணை இன்னொரு விஷயத்துக்காகவும் நம்பி ஏமாறாதீர்கள். ஃபிளாஷின் தலைக்குள் ஒரு ஜூம் இருக்கிறது, வெளிச்சத்தைக் குறுக்கிக் குவித்தால் எண் கூடும். கேனான் 600இஎக்ஸ்-ஆர்டியின் 60 என்பது 200 மி.மீ. ஜூமில் அளந்தது. 430இஎக்ஸ் வரிசையின் 43 என்பது 105 மி.மீ. ஜூமில். நிக்கான் எஸ்பி-700-க்கு 28 என்று போட்டிருப்பார்கள், அது 35 மி.மீ. ஜூமில் அளந்தது. 43-ஐயும் 28-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று ரொம்ப வலுவானது மாதிரி தோன்றும். ஒரே ஜூமில் வைத்தால் இரண்டும் நெருங்கி வந்துவிடும். தலையை நிமிர்த்தி பவுன்ஸ் அடிக்கும்போது பல ஃபிளாஷ்கள் ஜூமைத் தாமாகவே நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும், ஆகவே அந்த 200 மி.மீ. எண் உங்கள் வேலைக்கு வரவே வராது. எண் இரண்டு மடங்கு வேண்டுமானால் பலம் நான்கு மடங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்துக்காக யோசிக்கவே வேண்டாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தலை. மேலே நிமிர வேண்டும், இடம் வலம் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும், முடிந்தால் முழுக்கப் பின்னாலும் திரும்ப வேண்டும். கேனான் 270இஎக்ஸ், நிக்கான் எஸ்பி-300 மாதிரி சின்ன ஃபிளாஷ்கள் நிமிரும், பக்கவாட்டில் திரும்பாது. பையில் அடங்கும் என்று தெரிந்தே வாங்குகிறவர்களுக்கு அவை சரி. நெட்டையாகப் படம் எடுக்கிறவருக்குச் சரிவராது. வாங்கும் முன் கையில் எடுத்து, கேமராவை நெட்டையாகப் பிடித்தபடி தலை சீலிங்கைப் பார்க்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் கேமராவோடு பொருந்துமா என்பது. தானியங்கியாக வெளிச்சத்தை அளக்கும் டிடிஎல் முறை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பாஷை. கேனானின் இ-டிடிஎல் நிக்கானின் ஐ-டிடிஎல்லுக்குப் புரியாது. கோடாக்ஸ் போன்ற கம்பெனிகள் ஒரே மாடலை ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி எழுத்து போட்டு விற்கின்றன, அந்த எழுத்தைச் சரிபாருங்கள். சோனியில் 2012-க்கு முன் வந்த பல கேமராக்களில் ஃபிளாஷை மாட்டும் இடமான ஹாட் ஷூவின் அமைப்பே வேறு. கேனானின் 2000டி, 4000டி மாதிரி சில மாடல்களில் ஹாட் ஷூவின் நடுவில் இருக்கும் பெரிய பின் கிடையாது. அந்த ஒற்றைப் பின்னை மட்டும் நம்பி எரியும், பலத்தை நாமே கையால் வைக்கும் மேனுவல் ஃபிளாஷ் அவற்றில் எரியாது. வாங்கி வந்த பிறகு இது தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

வீட்டில் பழைய ஃபிலிம் கேமரா ஃபிளாஷ் கிடக்கிறதே, அதை மாட்டலாமா என்று நினைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். பழையவற்றில் சிலவற்றின் பின்னில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிற்காலத்தில் வந்த ஐஎஸ்ஓ 10330 என்ற சர்வதேசத் தரம் 24 வோல்ட்டோடு நிறுத்தச் சொல்கிறது. மல்டிமீட்டரில் அளக்காமல் டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். அதைத் திறந்து பார்க்கும் வேலையும் வேண்டாம், பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பலமாக அடிக்கும்.

பேட்டரி விஷயத்தில் பேச்சே இல்லை. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ பேட்டரி இரண்டு செட், அதாவது எட்டு. ஆல்கலைன் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தானே என்று கேட்பார்கள். உள்தடை குறைவு என்பதால் வேண்டிய மின்சாரத்தை இது சட்டென்று தரும், ஃபிளாஷ் சீக்கிரம் தயாராகும். 2005-இல் எனலூப் என்ற ரீசார்ஜ் பேட்டரி வந்த பிறகு, சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும் என்ற பழைய குறையும் பெரும்பாலும் தீர்ந்தது. லித்தியம் பேட்டரியோடு வரும் ஃபிளாஷ் வாங்க முடிந்தால் இன்னும் வேகம். எதுவானாலும் வேலை முடிந்ததும் ஏஏ பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

டிடிஎல் வேண்டுமா, மேனுவல் போதுமா? ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் டிடிஎல் கை கொடுக்கும், அதனால் ஒரே ஒரு ஃபிளாஷ்தான் வாங்குவேன் என்றால் டிடிஎல் உள்ளதையே வாங்குங்கள். நான் இப்போது பாதி நேரம் மேனுவலில்தான் எடுக்கிறேன். வெள்ளைச் சட்டை வந்தால் குறைத்து, கறுப்புப் புடவை வந்தால் கூட்டி டிடிஎல் படத்துக்குப் படம் மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகலில் வெளியே அபெர்ச்சரைத் திறந்து வைத்து எடுப்பவர் என்றால் ஹை ஸ்பீடு சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்ட முடியாது.

இதைப் படித்துவிட்டு, "இயற்கை வெளிச்சமே அழகு, ஃபிளாஷ் எதற்கு" என்று சிலர் வருவார்கள். எனக்கும் ஜன்னல் வெளிச்சம் பிடிக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னல் எதைத் தரும்? "நீ தொழில்முறைக்காரன் இல்லையே" என்பவர்களும் வருவார்கள். இல்லைதான். கேட்டவரும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்த ஃபிளாஷை விற்றுவிட்டு, எண் அதைவிடக் குறைவான, தலை முழுக்கத் திரும்பும் ஒன்றை வாங்கினேன். ஒரு சாயங்காலம் பாட்டி கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். அறையில் ஒரு குண்டு பல்புதான். ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு நிற ஜெல் தாளைக் கட்டினேன், பல்பின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. தலையை எனக்குப் பின்னால் இடப்பக்கச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். மேனுவலில் எட்டில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 800, எஃப் 4. படத்தில் இடப்பக்கம் இருந்த கன்னத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன, வலது பக்கம் மெதுவாக நிழலுக்குள் இறங்கியது. கடிதத்தின் மடிப்புக் கோடுகூட விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து எடுத்ததா என்று கேட்டார்கள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனசில் இருப்பது. கேமரா வைத்திருப்பவனை யாரும் படம் எடுப்பதில்லை. அப்பாவின் அந்த நாளில் முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். அன்று ராத்திரியே "படம் எங்கே, படம் எங்கே" என்று பத்துப் பேர் கேட்டார்கள், எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருவராவது "கேமராவை இங்கே கொடு, நீ போய் அப்பா பக்கத்தில் நில்லு" என்று சொல்லவில்லை. அந்த முந்நூறில் நானும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டில் படம் எடுக்கிறவர் யாரோ அவருக்கு இதைச் செய்யுங்கள். ஃபிளாஷோடு முதல் நாள் போகும்போது உங்களுக்கும் யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் கேமராவின் மாடலையும், அதிகம் படம் எடுக்கும் அறையின் சீலிங் என்ன உயரம், என்ன நிறம் என்பதையும் எழுதுங்கள். எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.