17 சதவீதம் திடீரென 8 ஆனது ஏன்?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். என் மின்சார காரில் இருப்பது 40 கிலோவாட் மணி, எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. ஆயுள் கூடும் என்று எப்போதும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவேன். சென்ற வாரம் 17 சதவீதம் காட்டிய கார், நான்கைந்து கிலோமீட்டருக்குள் 8 என்றது. ஊட்டி மலை ஏறும்போதும் மீதி தூரம் கண்ணெதிரே கரைகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. கணக்குதான் பிசகியிருக்கிறது. அந்தப் பிசகை வளர்த்தது உங்கள் 80 சதவீதப் பழக்கம்.

பெட்ரோல் டாங்கில் ஒரு மிதவை இருக்கிறது. எரிபொருள் இறங்கினால் அதுவும் இறங்கும். பேட்டரிக்குள் அப்படி நேரடியாக அளக்க எதுவும் இல்லை. அதனால் பி.எம்.எஸ். எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி குடக்கணக்கு வைக்கிறது: தொட்டியில் ஊற்றியது எத்தனை குடம், மொண்டது எத்தனை குடம் என்பதுபோல, உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் நொடிக்கு நொடி கூட்டிக் கழிக்கிறது. நல்ல முறைதான். ஆனால் சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 125 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்ட உணரி அரை ஆம்பியர் தவறாகக் காட்டினால், பத்து மணி நேர ஓட்டத்தில் 5 ஆம்பியர் மணி, அதாவது 4 சதவீதம் பிசகிவிடும்.

இந்தப் பிழையைத் திருத்த பி.எம்.எஸ். மின்கலங்களின் வோல்ட்டேஜைப் பார்க்கிறது. என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த) வகை பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய வோல்ட்டேஜும் சீராக இறங்குவதால் திருத்துவது எளிது. எல்.எஃப்.பி. அப்படியல்ல. சமையல் எரிவாயு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள்: பாதி தீர்ந்தாலும் முக்கால் தீர்ந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரியும், கடைசியில்தான் சுடர் தளரும். எல்.எஃப்.பி. கலமும் ஏறக்குறைய 20 முதல் 80 சதவீதம் வரை 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அடிமுனையிலும் உச்சியிலும்தான் அது உண்மையைச் சொல்லும். நீங்கள் உச்சிக்கு விடவே இல்லை; அதனால் பல வாரப் பிழை திருத்தப்படாமல் கிடந்து, 17-ஐத் தாண்டி வோல்ட்டேஜ் சரியத் தொடங்கியதும் ஒரேயடியாகத் திருத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே, வீட்டு சார்ஜரில் 100 சதவீதம் வரை ஏற்றுங்கள். 100 என்று காட்டியவுடன் பிடுங்கிவிடாமல், கார் தானாக நிறுத்தும்வரை விடுங்கள். கலங்கள் ஒன்றுக்கொன்று சமமாவது அந்தக் கடைசி நேரத்தில்தான். டெஸ்லா தன் எல்.எஃப்.பி. கார்களுக்கு வாரம் ஒருமுறையாவது முழு சார்ஜ் ஏற்றச் சொல்கிறது. உங்கள் கையேடு சொல்லும் இடைவெளியைப் பின்பற்றுங்கள். என்.எம்.சி. கார் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அன்றாடம் 80 சதவீதம்தான் அதற்கு நல்லது. மூன்று நான்கு முழு சார்ஜுக்குப் பிறகும் சதவீதம் குதித்தால், சர்வீஸ் மையத்தில் கலங்களுக்கிடையேயான வோல்ட்டேஜ் வேறுபாட்டை அளந்து எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தொடரிணைப்பில் ஒரு கலம் நலிந்திருந்தாலும் மொத்த பேட்டரியும் அதோடு நின்றுவிடும்.

மலை விஷயம் முற்றிலும் வேறு. மீதி தூரம் என்பது மீதமுள்ள மின்சாரத்தை, சற்றுமுன் வரை ஆன சராசரிச் செலவால் வகுத்த விடை. பல கார்களுக்கு முன்னால் மலை இருப்பது தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு உயர வேறுபாடு ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 9.3 கிலோவாட் மணி வேண்டும். உங்கள் பேட்டரியில் கிட்டத்தட்ட கால் பங்கு. உருளும் தடை, மோட்டார் இழப்பு, ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் ஏறவே 35 சதவீதத்துக்கு மேல் செலவாகலாம்; அதைவிடத் தாராளமாகக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவதே பாதுகாப்பு. சமவெளியில் 100 கிலோமீட்டருக்கு 13 கிலோவாட் மணி செலவழித்துப் பழகிய கணக்கு, மலையில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் போவதைக் கண்டதும் எண்ணைக் குறைக்கிறது. மலைப்பாதையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள்.

இறங்கும்போது இதில் கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும், பேட்டரியில் இடம் இருந்தால். ஊட்டி விடுதியில் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி 100 சதவீதத்தோடு இறங்கத் தொடங்கினால் மீட்கும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. மோட்டார் பிடித்து நிறுத்தும் விசையும் குறைந்து, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆபத்து. மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள்.