புது வீட்டுக்கு எம்.யூ.டி. வரி: எதற்கு, எவ்வளவு காலம்?

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் 4 லட்சம் டாலரில் ஒரு புது வீடு பார்த்திருக்கிறோம். சொத்து வரியில் ‘எம்.யூ.டி.’ என்று 100 டாலருக்கு 1.10 டாலர் தனியாகப் போட்டிருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள பழைய குடியிருப்பில் 40 சென்ட்தான். தண்ணீருக்காகத்தான் இந்த வரி என்றால், மாதா மாதம் தண்ணீர் பில் எதற்கு? வரி பிறகு குறையுமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு இந்த வரி மட்டும் வருடம் 4,400 டாலர். எதிர்ப்புறம் அதே விலை வீட்டுக்கு 1,600. மாதம் 230 டாலருக்கு மேல் வித்தியாசம். கையெழுத்துப் போடும் முன் கேட்டீர்களே, நல்லது.

டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்கி வீடுகள் கட்டினால், தண்ணீர்க் குழாய் போட்டுத்தர அங்கே நகராட்சி கிடையாது. கவுண்டி நிர்வாகமும் பொதுவாக அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் நிலத்தின் சொந்தக்காரர்களே மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் மனுப் போட்டு, அந்தப் பகுதிக்கென்று ஒரு மாவட்டத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்குவதும் உண்டு. அதுதான் எம்.யூ.டி., அதாவது முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட். இது ஒரு சின்ன அரசாங்கம் மாதிரி. ஐந்து இயக்குநர்கள், தேர்தல், வரி போடும் அதிகாரம் எல்லாம் உண்டு.

ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் நிலையம், மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் முதலில் குடியிருப்பை உருவாக்கும் டெவலப்பர் கைப்பணம் போடுகிறார். வீடுகள் எழும்பி வரி வர ஆரம்பித்ததும், மாவட்டம் கடன் பத்திரம் விற்று அவருக்குத் திருப்பித் தருகிறது. பெரும்பாலும் அந்தக் கடனைத்தான் நீங்கள் வரியாக அடைக்கிறீர்கள். மாத பில் வேறு கணக்கு. அது நீங்கள் திறந்துவிட்ட தண்ணீருக்கும் கழிவுநீருக்கும். வீட்டு உரிமையாளர் சங்கச் சந்தா மூன்றாவது செலவு, இரண்டிலும் சேராது.

தண்ணீர் பில்லில் இன்னொரு தொகையையும் பாருங்கள். ஆயிரம் காலனுக்கு இவ்வளவு என்று வட்டாரத் தண்ணீர் ஆணையத்தின் கட்டணம் இருக்கும். சிலருக்கு அதுதான் பில்லில் பெரிய தொகை. ஹூஸ்டன் பகுதியில் நிலத்தடி நீரை உறிஞ்சியே தரை இறங்கிவிட்டது. பேடவுனில் பிரவுன்வுட் என்ற குடியிருப்பு அடிக்கணக்கில் தாழ்ந்து, 1983-ல் அலிசியா புயலுக்குப் பிறகு மனிதர் வாழ முடியாமல் போனது. இன்று அது இயற்கைப் பூங்கா. இனி ஆறு, ஏரி நீருக்கு மாறியே ஆக வேண்டும், அதற்கான செலவுதான் அந்தக் கட்டணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, குறையுமா? பழைய குடியிருப்பில் வீடுகள் நிறைந்துவிட்டன, கடனும் பாதி அடைந்திருக்கும். அதனால் 40 சென்ட். உங்கள் பகுதியிலும் வீடுகள் பெருகப் பெருகக் கடனைப் பங்கு போட ஆள் கூடும். ஆனால் அடுத்த கட்டத்துக்குப் புதிதாகப் பத்திரம் விற்றால் வரி பல வருடம் அப்படியே நிற்கும். ‘சீக்கிரம் குறைந்துவிடும்’ என்று விற்பனையாளர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் உங்களுக்கு ஒரு அறிவிப்புத் தாள் தர வேண்டும் என்று டெக்சாஸ் தண்ணீர்ச் சட்டம் சொல்கிறது. வரி விகிதம், வாக்காளர்கள் அனுமதித்த கடன், இதுவரை விற்ற பத்திரம் மூன்றும் அதில் இருக்கும். அனுமதி 20 கோடி, விற்றது 3 கோடி என்று இருந்தால், இன்னும் நிறையக் கடன் வரலாம் என்று அர்த்தம். டெவலப்பருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை எம்.யூ.டி. அலுவலகத்திலேயே கேளுங்கள்.

அப்புறம், பலர் சறுக்கும் இடம் ஒன்று. டெக்சாஸில் ஜனவரி 1 அன்று என்ன நின்றதோ அதற்குத்தான் வரி. அன்று உங்கள் மனை வெறும் மண்ணாக இருந்தால், முதல் வருட ரசீது மிகக் குறைவாகத்தான் வரும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரும்போது வரி கட்டுவதற்காக வங்கி மாதா மாதம் உங்களிடம் வாங்கிச் சேர்க்கும் எஸ்க்ரோ கணக்கில் பள்ளம் விழுந்து, மாதத் தவணை திடீரென ஏறும். முழு மதிப்புக்குக் கணக்குப் போட்டு, முதல் மாதத்திலிருந்தே அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குடியேறிய பிறகு இயக்குநர் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போங்கள். யாரும் போய் உட்காரலாம். வரி விகிதத்தை முடிவு செய்யும் கூட்டம் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் நடக்கும். தேதி எம்.யூ.டி.யின் இணையதளத்தில் இருக்கும்.