‘நான்’ என்பதை மாற்ற வேண்டாம்

வணக்கம் தோழி. காதல் கவிதையில் ‘நான்’ என்று எழுதினாலே வீட்டில் ‘யார் அவன்?’ என்கிறார்கள், ‘அவள்’ என்று மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ‘நீ விட்டுப்போன குடையை நான் இன்னும் உலர்த்தவில்லை’ என்ற வரியில் ‘அவள்’ வந்தால், அது யாரோ ஒருத்தியைப் பற்றிய தகவலாகிவிடும்.

சங்க இலக்கியமான குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் ஒரு பெண் தன் காதலனைப் பற்றிப் பேசுகிறாள். அவன் பொய்த்துவிட்டால் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்றைக்கு அங்கே இருந்தது ஒரு குருகு, கொக்கு போன்ற நீர்ப்பறவை, மட்டும்தான். தினைத்தாள் போன்ற கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. எழுதியவர் கபிலர், ஓர் ஆண். அந்த ‘நான்’ கபிலர் இல்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். பெண் எழுதும்போது மட்டும் அது வாக்குமூலமாகிவிடுகிறது. 2002இல் கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பே எதிர்ப்பைக் கொண்டுவந்தது.

வீட்டில் நெருக்கடி அதிகம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். கவிஞர் சல்மா அப்படித்தான் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதினார். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்புறம், கடைசி வரியில் ‘நித்தியக் காதல்’ என்பதை எடுத்துவிடுங்கள். குடையே போதும்.