ஆப்பிரிக்காவில் அமெரிக்க ராணுவம் கிணறு தோண்டியது ஏன்?

அரசு எட்டிப்பார்க்காத ஊர்களில்தான் ஆயுதக் குழுக்கள் எளிதாக ஆள் சேர்க்கின்றன; ஆகவே பாதுகாப்பையும் வளர்ச்சியையும் பிரிக்கக்கூடாது என்பது வாஷிங்டனின் கணக்கு. 2007இல் அறிவிக்கப்பட்ட, ஆப்பிரிக்காவுக்கான அமெரிக்கப் படைத் தலைமையகத்தில் தளபதியின் இரு துணைவர்களுள் ஒருவராக வெளியுறவுத் துறை அதிகாரியை அமர்த்தியதும் இதனால்தான். (தலைமையகம் இருப்பது என்னவோ ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில்! இடம் தரப் பல ஆப்பிரிக்க நாடுகள் தயங்கின.) கிழக்கு ஆப்பிரிக்காவின் குட்டி நாடான ஜிபூட்டியில் முகாமிட்ட அமெரிக்கப் படையினர் கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் கிணறு தோண்டினார்கள், பள்ளிகளைச் சீரமைத்தார்கள்.

கோட்பாடு தவறில்லை, நடைமுறைதான் இடிக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டைவிடத் தீவிரவாத அச்சமே கிணற்றின் இடத்தைத் தீர்மானிக்கும். தோண்டிய படை கிளம்பியபின் பம்பு பழுதானால் சரிசெய்ய ஆளிருக்காது. சீருடையினர் உதவி செய்வதால் தங்களையும் உளவாளிகளாக நினைப்பார்களே என்று தொண்டு நிறுவனங்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் இருக்கிறது.