தங்கை சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வயது 67. கணவர் 12 வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. என் பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு, கணவர் பெயரில் இருந்து என் பெயருக்குப் பட்டா மாறிய ஒரு மனை, கொஞ்சம் நகை, வங்கி டெபாசிட் இருக்கின்றன. கூடவே இருந்து என்னைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மகளுக்கே எல்லாம் போக வேண்டும். டெபாசிட்டுக்கு அவளைத்தான் நாமினி போட்டிருக்கிறேன். "உயில் எதற்கு? உன் சொத்து பிறந்த வீட்டுக்குத்தானே வரும்" என்கிறாள் தங்கை. கணவர் வழி மனையை நான் உயிலில் எழுதலாமா?

- வாசகி, மன்னார்குடி

பதில்: தங்கை சொல்வது தப்பு அம்மா. நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி, கணவரும் பிள்ளைகளும் இல்லாத பெண் உயில் எழுதாமல் போனால், அவள் சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். நாராயணி தேவி என்ற பெண்மணிக்குக் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பெற்றோர்தான் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சேர்த்ததை உயில் எழுதாமல் விட்டுவிட்டு 1996-இல் இறந்தார். அத்தனையும் கணவரின் சகோதரி மகன்களுக்கே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனால் சட்டம் அதுதான்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே. அது யாருக்குச் சொந்தம் என்பது வேறு விஷயம். ஆகவே டெபாசிட்டையும் உயிலில் சேருங்கள்.

மனை விஷயத்துக்கு வருவோம். கணவர் வழி வந்தது என்றாலும் உங்கள் பங்கு முழுக்க உங்களுடையது, தாராளமாக எழுதலாம். ஆனால் 'பங்கு' என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? கணவர் இறந்த அன்று உங்கள் மாமியார் உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால், கணவர் உயில் எழுதாத நிலையில், மனையில் பாதி அவருடையது. அவருக்குப் பிறகு அந்தப் பாதி அவருடைய வாரிசுகளுக்கு. பட்டா உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால் இது மாறிவிடாது. கும்பகோணத்தில் என்னிடம் வரும் உயில் வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் இடறும்.

எழுதுவது பெரிய வேலையே இல்லை. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். வீட்டுக்கும் மனைக்கும் சர்வே எண்ணும் நான்கெல்லையும் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள். "இதில் சொல்லாத மற்ற சொத்துகளும் அவளுக்கே" என்று ஒரு வரி. அவள் உங்களுக்கு முன்னால் போய்விட்டால் யாருக்கு என்று இன்னொரு வரி. (எழுதவே கை வராது, இருந்தாலும் எழுதுங்கள்.) நீங்கள் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் கண்ணால் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும்.

சாட்சி என்றதும் நம் ஊரில் பெரியவர்களைத்தான் தேடுவோம். என் சொந்த அத்தை அப்படித்தான், அடுத்த தெருவில் இருந்த எண்பது வயதுக்காரர்கள் இருவரைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கினாள். அவள் போனபோது அந்த இருவரும் இல்லை. அவர்கள் கையெழுத்தை நிரூபிக்கப் பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் தேடி அலைந்ததை மறக்க மாட்டேன். உங்களைவிட இருபது வயது சின்னவர்களாகப் பாருங்கள். தம்பி குடும்பத்தில் யாரும் வேண்டாம், பின்னால் சந்தேகம் கிளப்ப அது போதும்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், உங்களைப் போன்றவர்களுக்கு அது பலம். மனசு மாறினால் புது உயில் எழுதிக்கொள்ளலாம். "செட்டில்மென்ட்டாகவே எழுதிடுங்க அத்தை" என்று யாராவது கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள். அது எழுதிய அன்றே சொத்தைக் கைமாற்றிவிடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது.

அசலை லாக்கரில் பூட்டாதீர்கள். லாக்கரைத் திறக்கவே அப்புறம் யாராவது அலைய வேண்டியிருக்கும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தம்பி மகளிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் பீரோவில் மாமியாரின் இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். அதில் உள்ள தேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனையைப் பற்றிய வரியை எழுத உட்கார வேண்டும்.